பழைய மோட்டார் சைக்கிள்: பார்வைக்கா, பயணத்துக்கா?

நம் திருச்சி மாநகரம் பழைய இயந்திரங்களை இரண்டு விதமாகப் போற்றி வருகிறது. ரயில்வே அருங்காட்சியகத்துக்குச் சென்றால், ஓடி ஓய்ந்த எஞ்சின் ஒன்று வண்ணம் தீட்டப்பெற்று, துண்டுத் தண்டவாளத்தின்மேல் அசையாமல் நிற்பதைக் காணலாம். சிறுவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். பெரியவர்கள் தங்கள் இளமைக்காலப் பயணங்களை நினைவுகூர்வார்கள். பொன்மலைக்குச் சென்றாலோ கதை வேறு. நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து 1928 முதல் அங்கு இயங்கிவரும் ரயில்வே பணிமனை, இந்த நூற்றாண்டிலும் நீலகிரி மலை ரயிலுக்காக நீராவி எஞ்சின்களைச் செய்து அனுப்பியிருக்கிறது. பழைய அமைப்பில் பிறந்த அந்த எஞ்சின்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுகின்றன.

நிற்கும் எஞ்சினுக்கும் மதிப்பு உண்டு. ஓடும் எஞ்சினுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இரண்டின் தேவைகளும் ஒன்றல்ல. நிற்பதற்கு வேண்டியவை கூரையும் வண்ணமும் காவலுமே. ஓடுவதற்கோ கொதிகலன் சோதனையும், தேர்ந்த கைகளும், மாற்று உறுப்புகளும், ஓயாத கவனமும் வேண்டும்.

இந்த எளிய வேறுபாட்டை மறந்துவிட்டுப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்களே பின்னர் வருந்துகிறார்கள். நம் குடும்பங்களில் இன்று இந்த ஆசை பரவி வருவதால், இதைப் பற்றிச் சற்று ஆழ்ந்து சிந்திப்பது நலம் பயக்கும்.

ஆசை பிறந்த கதை

இந்த ஆசை நம் ஊரில் வேர்விட்டதில் வியப்பில்லை. பொன்மலைப் பணிமனை ஒருபுறம், 1960-களில் எழுந்த திருவெறும்பூர் பாரத மிகுமின் நிறுவனமும் படைக்கலத் தொழிற்சாலையும் மறுபுறம் எனத் தொழிலாளர் குடும்பங்கள் பெருகிய ஊர் இது. அக்காலத்தில் மோட்டார் சைக்கிள் என்பது வீட்டுக்கு வந்த பெருஞ்செல்வம். அப்பா வேலைக்குச் சென்றதும் அதில்தான். அம்மாவைப் பேறுகாலத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் அதில்தான். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் காந்தி மார்க்கெட்டிலிருந்து மூட்டை வந்ததும் அதில்தான். முன்னால் பெட்ரோல் டேங்க்கின்மேல் ஒரு குழந்தை, பின்னால் மனைவி மடியில் மற்றொரு குழந்தை என்று ஒரு குடும்பமே அதில் பயணம் செய்த நாள்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

அன்று டேங்க்கின்மேல் அமர்ந்திருந்த குழந்தைகள் இன்று சம்பாதிக்கிறார்கள். அந்த ஒலியை மீண்டும் கேட்க விரும்புகிறார்கள். விருப்பம் தவறன்று. ஆனால் விருப்பம் பெருகப் பெருக விலையும் ஏறுகிறது. விலை ஏற ஏறப் போலிகளும் பெருகுகின்றன. ஒரு காலத்தில் பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டுக் கொடுத்த வண்டிகளுக்கு இன்று புது வண்டியின் விலையையே கேட்கிறார்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மகளின் திருமணத்துக்கோ சேர்த்துவைத்த பணம் இதில் முடங்கிவிட்டால், வீட்டின் அமைதியும் உடன் போய்விடும் அன்றோ?

முதற் கேள்வி

ஆகவே, எந்த வண்டியை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வண்டி எதற்கு? வீட்டு முற்றத்தில் நிறுத்திப் பார்த்து மகிழவும், ஆண்டுக்கு ஓரிரு கண்காட்சிகளுக்கும் அணிவகுப்புகளுக்கும் கொண்டுசெல்லவுமா? அல்லது ஞாயிறு மாலையில் காவிரிக்கரையோரம் ஓட்டிச் செல்லவா?

இக்கேள்வியைச் சட்டமே நம்மிடம் கேட்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு, பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. முதற் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்ததும், சட்டகம், எஞ்சின் முதலியவற்றில் பெரிய மாறுதல் செய்யப்படாமல் அசல் வடிவில் காக்கப்பட்டதுமான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களே இந்த வகையில் சேரும். புதிதாகப் பதிவு செய்வதற்கு 20,000 ரூபாயும், மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம் என அவ்விதிகள் வகுத்தன. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட எண் தரப்படும்; ஏற்கெனவே பதிவான வண்டிகள் தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

பெருமைக்குரிய ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. இவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்குச் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வாகன அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அது வெளியே வரலாம். அதாவது, அந்தச் சிறப்பு எண்ணைப் பெற்றவர் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைக்குக் காய்கறி வாங்க அதில் செல்ல முடியாது.

அன்றாடம் ஓட்ட விரும்புகிறவருக்கு வழக்கமான பதிவே உகந்தது. 15 ஆண்டுகள் நிறைந்த வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுசென்று சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பசுமை வரியும் உண்டு. கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், வாங்குவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நல்லது.

வயதுக் கணக்கையும் நினைவில் கொள்ளுங்கள். 1978இல் வெளிவந்த யெஸ்டி ரோட்கிங் 2028இல்தான் 50 வயதைத் தொடும். 1983இல் வந்த ராஜ்தூத் 350, 2033 வரை காத்திருக்க வேண்டும். 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு 2035 ஆகும். “இது விண்டேஜ் வண்டி” என்று சொல்லி இவற்றுக்கு ஒருவர் கூடுதல் விலை கேட்டால், அது சட்டத்தின் சொல் அன்று, வியாபாரத்தின் சொல்லே.

புல்லட்

பழைய வண்டி என்றதும் நம் மக்களின் நாவில் முதலில் வருவது புல்லட்தான். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து, 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970இல் இங்கிலாந்தில் அந்த உற்பத்தி அடியோடு நின்றுபோயிற்று, திருவொற்றியூரிலோ நிற்கவில்லை. 1977இல் நம் தமிழ்நாட்டுப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! பயிற்றுவித்தவர் கடையை மூடிய பிறகு, பயின்றவர் அவர் ஊருக்கே சரக்கு அனுப்பிய கதை இது.

பழைய 350 புல்லட்டின் எஞ்சின் 346 சி.சி. கொள்ளளவு உடையது, சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அகலத்தைவிட நீளம் மிகுந்த இந்த அமைப்பினால்தான் எஞ்சின் மெதுவாகச் சுழன்றும் வலுவாக இழுக்கிறது. ‘தட், தட்’ என்ற அந்த ஒலியும் அதிலிருந்து பிறப்பதே. நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் வேலை இல்லை. உறுப்புகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எனவே ஓட்டவும் வைத்துக்கொள்ளவும் ஒருசேர விரும்புவோர்க்கு இதுவே முதல் தகுதி உடையது எனலாம்.

ஆயினும் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. எடை 160 கிலோவுக்கு மேல். முழங்கால் வலி உள்ளவர்கள் நடு ஸ்டாண்டு போடுவதற்கே திணறுவார்கள். கிக்கரை மிதிப்பதற்கு ஒரு முறை உண்டு: ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் சிறிது இறக்கி, அதை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பின்னர் ஒரே சீராக மிதிக்க வேண்டும். முறை தெரியாமல் அவசரமாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் புண்படும்.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இன்றைய வண்டிகளிலோ இதற்கு நேர்மாறு. வாரம் முழுவதும் புது வண்டி ஓட்டிப் பழகிய இளைஞர், ஞாயிறன்று பழைய புல்லட்டில் ஏறினால், ஆபத்து வேளையில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார். வெற்றிடத்தில் சில நாள் ஓட்டிக் கால் பழகிய பின்னரே சாலைக்கு வரவேண்டும்.

ஜாவாவும் யெஸ்டியும்

செக்கோஸ்லோவாகியாவில் 1929இல் பிறந்த ஜாவா, நம் நாட்டில் மைசூரில் வளர்ந்தது. ஐடியல் ஜாவா நிறுவனம் அங்கே 1961இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1973 முதல் அவ்வண்டிகள் யெஸ்டி என்ற பெயர் பெற்றன. 1996இல் அந்த ஆலை மூடப்பட்டது. 2018இல் ஜாவா என்ற பெயரும், 2022இல் யெஸ்டி என்ற பெயரும் வேறொரு நிறுவனத்தின் புதிய வண்டிகளில் மீண்டும் வந்தன. அவை புதிய பிறவிகள், பழையவற்றின் தொடர்ச்சி அல்ல.

ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்கள். கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல். கியரை மிதிக்கும்போது தானே விலகும் கிளட்ச். புழுதி படாதபடி முழுவதும் மூடப்பட்ட செயின். ஆணியைப் போல் அழுத்திச் செருகும் சாவி என, பழைய ஜாவாவின் ஒவ்வோர் அங்கத்திலும் ஒரு நுட்பம் தெரியும். சேகரிப்போர் விரும்புவதற்கு இதுவே காரணம். 1961க்கும் 1973க்கும் இடைப்பட்ட வண்டிகள் எல்லாம் 50 ஆண்டுகளைக் கடந்துவிட்டதால், அசல் நிலையில் இருப்பின் சிறப்புப் பதிவுக்கும் தகுதி உடையவை. ஆலை மூடியபின்னும் அன்பர்கள் இவ்வண்டியைக் கைவிடவில்லை. ஆண்டுதோறும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறன்று நாட்டின் பல நகரங்களில் ஜாவா, யெஸ்டி வைத்திருப்போர் ஒன்றுகூடுகிறார்கள்.

இரண்டு வீச்சு எஞ்சின் ஆதலால் பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும். மிகுந்தால் புகையும் கரியும் சைலன்சரை அடைக்கும். பெட்ரோல் பங்குகளில் முன்போல் எண்ணெய் கலந்து தருவது அரிதாகிவிட்டதால், சிறு புட்டியில் எண்ணெயை உடன் கொண்டுசெல்லும் பழக்கம் வேண்டும். விளக்குகள் ஆறு வோல்ட்டில் எரிபவை. இருட்டில் நம்ப முடியாது. பகலில் மெதுவாக ஓட்டுவதற்கு யெஸ்டி நல்ல தோழன். பழைய ஜாவா பார்த்துப் பார்த்துப் பேணவேண்டிய முதியவர்.

ராஜ்தூத்

ஹரியானாவின் பரிதாபாத்தைச் சேர்ந்த எஸ்கார்ட்ஸ் நிறுவனம், போலந்து நாட்டு வண்டி ஒன்றின் அமைப்பைக் கொண்டு 1960-களில் உற்பத்தி செய்த வண்டி ராஜ்தூத் 175. உறுதியானது, எளியது, செலவு குறைந்தது. 1973இல் வெளிவந்த ‘பாபி’ என்னும் இந்திப் படத்தில் தோன்றியதால், அதே நிறுவனத்தின் ஜி.டி.எஸ். என்ற குட்டி வண்டிக்குப் ‘பாபி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. உருவத்தில் சிறியதாதலால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு அது பொருத்தமானது. இவ்வண்டிகளுக்குப் போட்டி குறைவு ஆதலால், சிறு பணத்தில் சேகரிப்பைத் தொடங்க விரும்புவோர் இவற்றைக் கவனிக்கலாம்.

ராஜ்தூத் 350 என்பது முற்றிலும் வேறு. யமஹாவின் ஆர்.டி. 350-ஐத் தழுவி 1983 முதல் 1980-களின் இறுதிவரை வந்த இரட்டைச் சிலிண்டர் வண்டி அது, 347 சி.சி. சக்தி மிகுந்தது, பெட்ரோலையும் அதற்கேற்பக் குடிப்பது. அந்நாளில் வாங்குவோர் தயங்கினார்கள். இந்நாளில் கிடைக்காதா என்று தேடுகிறார்கள். இதன் வேகத்துக்கு இதன் டிரம் பிரேக்குகள் ஈடு கொடுக்க மாட்டா. உறுப்புகளும் அரியவை, விலை மிகுந்தவை. ஆகவே இது சேகரிப்பாளரின் வண்டி. இளம் பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தக்கதன்று என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஆர்.எக்ஸ். 100

1985 முதல் 1996 வரை வந்த இந்த 98 சி.சி. வண்டியைப் பற்றி நம் இளைஞர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எடை சுமார் 100 கிலோ, குதிரைசக்தி 11. எடை குறைந்து சக்தி மிகுந்ததால் தொட்டவுடன் பாய்கிறது. எண்ணெய்க்குத் தனித் தொட்டி இருப்பதால் கலக்கும் வேலை இல்லை. ஆனால் அத்தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய வண்டிகளைப் போலவே கியர் இடக்காலில் இருப்பதால் பழகுவது எளிது. எடை குறைவாதலால் நடுவயதினரும் சிரமமின்றி ஓட்டலாம்.

இதன் ஆபத்து இதன் புகழிலேயே உள்ளது. வேறு வண்டியின் சட்டகத்தில் இதன் எஞ்சினைப் பொருத்தி விற்பதும், போலி உறுப்புகளை அசல் என்று சொல்லுவதும் மலிந்துள்ளன. ஒலியைப் பெருக்கச் சைலன்சரை வெட்டிய வண்டிகளும் பல. வெட்டிய வண்டிக்குச் சேகரிப்பு மதிப்பும் இல்லை. சாலையில் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

தாள்களே உயிர்

மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். கொம்பில் பூசிய வண்ணத்தைப் பார்த்து ஒருவரும் விலை பேசுவதில்லை. பழைய வண்டியிலும் பளபளப்புக் கடைசியில்தான் வரவேண்டும்.

முதலில் ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். எண் பொறித்த இடம் அரம் போட்டுத் தேய்க்கப்பட்டோ புதிதாகத் தட்டப்பட்டோ இருந்தால், எவ்வளவு மலிவாயினும் விலகிவிடுங்கள். திருட்டு வண்டி வீட்டுக்கு வழக்கையும் கொண்டுவரும். பழைய கைப்பதிவுப் புத்தகங்களின் விவரங்கள் சில வேளைகளில் கணினியில் ஏறாமல் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்த அலுவலகத்தில் இதனைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருச்சியில் மேற்குக்கு டி.என். 45, ஸ்ரீரங்கத்துக்கு டி.என். 48, கிழக்குக்கு டி.என். 81 எனத் தனித்தனி அலுவலகங்கள் உண்டு. 1989க்கு முன் பதிவான வண்டிகளில் அக்கால எழுத்துகளே இருக்கும். மைசூர்ப் பக்கத்திலிருந்து ஜாவா வாங்குவோர், அம்மாநில அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும், இங்கே கட்டவேண்டிய வரியும் கணக்கில் சேரும் என்பதை மறக்கலாகாது.

அடுத்து, ஓடும் நிலை. குளிர்ந்திருக்கும் எஞ்சினை நம் கண்முன் இயக்கச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருப்பது ஒரு குறையை மறைப்பதாகவும் இருக்கலாம். டேங்க்கினுள் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். புகையின் நிறத்தைக் கவனியுங்கள்: நான்கு வீச்சு எஞ்சினில் நீலப்புகை தொடர்ந்து வந்தால், உள்ளே எண்ணெய் எரிகிறது. சட்டகம் வளைந்திருந்தால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நில்லா.

மூன்றாவது, கணக்கு. யானை வாங்கினவன் அங்குசத்துக்கும் தீனிக்கும் சேர்த்தே எண்ணவேண்டும். எஞ்சின் வேலை, வண்ணம், குரோமிய முலாம், டயர், இருக்கை என்று வண்டியின் விலையை விஞ்சும் செலவு பின்னால் வரக்கூடும். மேலும், சேகரிப்பவருக்கு ஒரு முரண் காத்திருக்கிறது: முழுவதும் புதிதாக்கிய வண்டியைவிட, வண்ணம் சற்று மங்கினாலும் ஆலையிலிருந்து வந்த உறுப்புகளோடு இருக்கும் வண்டியையே அறிந்தவர் விரும்புவர். எனவே கழற்றும் எந்தப் பழைய உறுப்பையும் எறிந்துவிடாமல் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுங்கள்.

நம் சாலையும் நம் எரிபொருளும்

ஓட்டுவதற்கென வாங்குகிறவர், எங்கே ஓட்டப்போகிறோம் என்பதையும் எண்ண வேண்டும். 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தில் அந்நாளைய புல்லட் தனியே சென்றிருக்கலாம். இன்று காலை ஒன்பது மணிக்கு அங்கே பேருந்துகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையே முன் நகர்ந்து நின்று, நின்று நகரவேண்டும். காற்றால் குளிரும் பழைய எஞ்சினுக்கு நெரிசலைப் போல் பகை வேறில்லை. ஓடினால்தான் அதற்குக் காற்று, நின்றால் சூடு.

ஆனால் விடியற்காலையில் திருவானைக்காவலிலிருந்து திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி வழியாகக் கல்லணைக்குச் செல்லும் சாலை, பழைய வண்டிக்கென்றே அமைந்தது போன்றது. வாழைத் தோட்டங்களின் ஈரக்காற்றில் எஞ்சின் குளிர்ந்து ஓடும். மறுபுறம் முக்கொம்பு, மாநகரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். இன்னும் சற்றுத் தொலைவு செல்ல விரும்பும் நம் குடும்பங்களுக்குப் பூண்டி மாதா திருத்தலம் இருக்கிறது. விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவதே இவ்வண்டிகளுக்கு ஏற்ற பயணம். இரவுப் பயணம் வேண்டா. டிரம் பிரேக் உள்ள வண்டியில் முன்னால் செல்லும் காருடன் ஒட்டிச் செல்லவும் வேண்டா. அக்கார் நிற்கும் தூரத்தில் நம் வண்டி நில்லாது. ஓட்டுபவர்க்கும் பின்னால் அமர்பவர்க்கும் தலைக்கவசம் கட்டாயம். மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். பழைய வண்டி என்பதற்காக இவற்றில் விலக்கு ஏதும் இல்லை.

இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் கெடுக்கும். எனவே குழாய்களை இதற்கு ஏற்ற புதியவையாக மாற்றிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாயின் டேங்க்கையும் கார்புரேட்டரையும் வற்றச் செய்துவிடுங்கள். இரு நதிகளின் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தின் ஈரக்காற்று துருவுக்கு நண்பன் என்பதையும் அத்தீவின் மக்கள் அறிவார்கள்.

கை தெரிந்தால் கவலை இல்லை

கோவைப் பகுதியின் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதை அடைவதற்காகக் கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கியதும் ஊரைச் சுற்றி வந்து பெருமை பேசவில்லை. வண்டியைப் பிரித்தார், மீண்டும் பூட்டினார், ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்கிறது என்று கற்றார். பின்னாளில் பேருந்து நிறுவனமும் தொழிற்கூடங்களும் கண்ட மேதைக்கு அந்த வண்டியே முதற் பள்ளிக்கூடமாயிற்று.

பழைய வண்டியின் உண்மைப் பயனும் இதுவே. இன்றைய வண்டிகளின் எஞ்சினைக் கணினி ஆளுகிறது. வீட்டில் திறந்து பார்ப்பதற்கு அதிகம் இல்லை. பழைய வண்டியிலோ பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்வதும், பிளக்கைத் துடைப்பதும், செயினை இறுக்குவதும் தந்தையும் மகனும், ஏன், தந்தையும் மகளும் சேர்ந்து அமர்ந்து செய்யக்கூடிய வேலைகள். பிரிக்க அஞ்சாதவருக்குப் பழைய ஜாவாவும் பொருந்தும். ஒவ்வொரு சிறு வேலைக்கும் மெக்கானிக்கைத் தேடுபவர், நம் ஊரிலேயே அந்த வண்டியை அறிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று பார்த்த பின்னரே விலை பேச வேண்டும். அரியமங்கலத்திலும் துவாக்குடியிலும் லேத் பட்டறைகள் நிறைந்த ஊர் நம்முடையது. கிடைக்காத ஒரு புஷ்ஷையோ போல்ட்டையோ கடைந்து தரக்கூடிய கைகள் இங்கே உண்டு. ஆயினும் அந்த வண்டியின் குணம் தெரிந்தவரே அளவைச் சரியாகச் சொல்ல முடியும்.

வீட்டில் இருக்கும் வண்டி

இறுதியாக ஒன்று. சந்தையில் தேடுவதற்கு முன், நம் வீட்டுக் கொல்லையைப் பாருங்கள். சாக்குப் போர்த்திய வண்டி ஒன்று அங்கே இருக்கலாம். அப்பாவோ தாத்தாவோ வாங்கியது; யாரிடம் இருந்தது, எப்போது எந்தப் பாகம் மாறியது என்ற வரலாறு வீட்டாருக்குத் தெரிந்தது. விலைகொடுத்தாலும் சந்தையில் கிடைக்காத தகுதி இது.

ஆனால் அதிலும் கடமை உண்டு. உரிமையாளர் இறந்துவிட்டால், 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் துயரத்தின் நடுவே இது விட்டுப்போகிறது. ஆண்டுகள் பல கழிந்தபின், வாரிசுச் சான்றும் உடன்பிறந்தார் ஒப்புதலும் தேவைப்படும்போது, அதுவரை ஒருவர் கண்ணிலும் படாத இரும்புக்கு எல்லாரும் உரிமை பேசுவார்கள். வண்டியின் விலை ஏறியதால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோவதைவிடக் கொடுமை வேறென்ன? ஆகவே, கையெழுத்திடக்கூடியவர்கள் இருக்கும்போதே அமர்ந்து பேசி, யார் பெயரில் வண்டி இருக்கும், செலவை யார் ஏற்பது, ஏனையோர் எப்போது ஓட்டலாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சுருங்கச் சொன்னால் இவ்வளவே. பார்த்து மகிழ விரும்புவோர் அசல் மாறாத ஜாவாவையோ பழைய ராஜ்தூத்தையோ தேடட்டும். 50 ஆண்டு கடந்ததாயின் சிறப்புப் பதிவும் பெறட்டும். ஓட்டி மகிழ விரும்புவோர், உடல் வலிமை இருப்பின் பழைய புல்லட்டையும், எடை குறைவாக வேண்டுமாயின் எண்கள் ஒத்திருக்கும் ஆர்.எக்ஸ். 100-ஐயும், நிதானப் பயணத்துக்கு யெஸ்டியையும் கருதட்டும். வீட்டு வண்டி இருப்பவர்கள் வேறெங்கும் செல்லாமல் அதையே எழுப்பட்டும். ஒரே வண்டியை அருங்காட்சியகப் பொருளாகவும் அன்றாட வாகனமாகவும் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இரண்டு மகிழ்ச்சியும் கைகூடா.

அடுத்த முறை ஒரு பழைய வண்டியின் முன் நிற்கும்போது அதன் விலையைக் கேட்கும் முன், நம் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்போம்: “இதை நிறுத்தி வைக்கப் போகிறோமா, ஓட்டப் போகிறோமா?” அதற்கு எல்லாரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகு பணப்பையைத் திறந்தால் போதும்.